சீனப் பெண்களின் கால்கட்டு

ஊர் சுற்றும் பிள்ளைக்கு ஒரு கால்கட்டுப் போட்டுவிட்டால் சரியாய்ப் போவான் என்று நம்மில் பெரியவர்கள் சொல்லுவதுண்டு. கல்யாணத்தைத்தான் அப்படிச் சொல்லுகின்றார்கள். ஆனால் அந்தக் கட்டு எந்த ஆண்பிள்ளையின் காலிலும் ஒருநாளும் விழுந்ததில்லை. அது வெறும் வாய்ப்பேச்சு. சீனா தேசத்திலோ அது வாய்ப்பேச்சாக இருக்கவில்லை. அங்கு கல்யாணத்திற்காகவே பெண்குழந்தையின் காலில் மெய்யாகவே துணிக்கட்டுப் போடப்பட்டு வந்தது. அதுவும் ஒரு வருஷம் இரண்டு வருஷம் அல்ல. சுமார் ஆயிரம் வருஷம். அந்தக் கட்டு யாரால் போடப்பட்டது, எதனால் அவிழ்ந்தது, அவிழ்ந்த பிறகு வேறு என்னென்ன கட்டுகள் வந்து சேர்ந்தன என்பவற்றை நாம் தெரிந்துகொள்ள வேண்டியது மிகவும் அவசியமாகும். ஏனெனில், "இது அநாதி வழக்கம், யாராலும் மாற்ற முடியாது" என்கின்ற கூட்டத்தாருக்கும், "சட்டந்தான் வந்துவிட்டதே, இனிப் பெண்களுக்கு என்ன குறை?" என்கின்ற கூட்டத்தாருக்கும் சீனப் பெண்களின் சரித்திரம் ஒன்றே போதுமான பதிலாகும்.

கட்டு என்றால் ஏதோ தண்டை, கொலுசு போன்ற அலங்காரம் என்று யாரும் நினைத்துவிடக்கூடாது. பெண்ணுக்கு 5, 6 வயது ஆனதும் அவள் காலைப் பிடித்து, கட்டைவிரலை மாத்திரம் விட்டுவிட்டு, மற்ற நான்கு விரல்களையும் உள்ளங்காலுக்குக் கீழே மடக்கி, நீண்ட துணியால் இறுகச் சுற்றிவிடுவார்கள். சில நாளைக்கு ஒருமுறை அவிழ்த்து முன்னிலும் இறுக்கமாகக் கட்டுவார்கள். கட்டிய காலோடு நடக்கவும் சொல்லுவார்கள். நாளடைவில் விரல் எலும்புகள் முறியும். பாதம் நடுவில் வளைந்து, குதிகாலும் முன்பாதமும் ஒன்றையொன்று நெருங்கி வரும். சதை அழுகும், சீழ் வைக்கும், சில குழந்தைகளுக்கு விரலே கழன்று விழும், விஷமேறிச் செத்துப்போனவர்களும் உண்டு. இவ்வளவும் ஆன பிறகு 3 அங்குல நீளத்தில் ஒரு பாதம் மிஞ்சினால் அதற்குப் "பொற்றாமரை" என்று பெயர். புண்ணுக்குத் தாமரை என்று பெயரிட்டுப் பாட்டுப் பாடினவர்கள் எல்லோரும் நன்றாய் நடக்கத் தெரிந்த ஆண்பிள்ளைகளே!

இதைச் செய்தது யார்? அரசன் அல்ல, குரு அல்ல. பெற்ற தாயே செய்தாள். தன் காலில் பட்ட வேதனை முழுவதும் ஞாபகத்தில் இருந்தும், மகள் கதறக் கதறத் தன் கையாலேயே கட்டினாள். அவள் கொடுமைக்காரி என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. பாதம் பெரிதாயிருந்தால் மகளுக்கு மாப்பிள்ளை கிடைக்கமாட்டான். மாப்பிள்ளை கிடைக்காத பெண்ணுக்குச் சோறும் கிடைக்காது என்பது அவளுக்குத் தெரியும். முகத்தைப்பற்றி விசாரிக்கும் முன்பே பாதத்தின் அளவை விசாரித்த சமூகத்தில், மகளின் வயிற்றுக்காக மகளின் காலை ஒடித்தாள். ஒரு கூட்டத்தை அடிமையாக்குவதில் மிகவும் கெட்டிக்காரத்தனமான முறை, விலங்கு பூட்டும் வேலையை அந்த அடிமையின் கையிலேயே, அதுவும் அன்பின் பேரால், ஒப்படைத்துவிடுவதுதான். எங்கே பெண்ணுக்குப் பெண் சத்துருவாய் இருப்பதாகச் சொல்லப்படுகின்றதோ, அங்கே சோற்றுப்பானை யார் கையில் இருக்கின்றது என்று முதலில் பார்க்கவேண்டும்.

இதற்குச் சாஸ்திர ஆதாரமாவது உண்டா என்று பார்த்தால், அதுவும் இல்லை. கன்பூஷியஸின் பேரால் வழங்கும் நீதிநூல்களில் காலைக் கட்டு என்று எங்கும் கிடையாது. அதற்கு மாறாக, தாய் தகப்பனார் கொடுத்த தேகத்துக்குச் சேதம் வராமல் காப்பாற்றுவதே பிள்ளைகளின் முதல் கடமை என்றுதான் இருக்கின்றது. ஆண்களுடைய சிகைக்கு ஆபத்து வந்தபோது இந்த நீதியை எடுத்துக்காட்டிச் சண்டை போட்டவர்கள் உண்டு. பெண் குழந்தையின் எலும்பு முறிந்தபோது மட்டும் அது பண்டிதர்களுக்கு ஞாபகம் வரவில்லை. ஆனால் பெண் சிறுவயதில் தகப்பனுக்கும், கல்யாணமான பிறகு புருஷனுக்கும், புருஷன் செத்தபிறகு மகனுக்கும் அடங்கி நடக்கவேண்டும் என்ற "மூன்று கீழ்ப்படிதல்" மாத்திரம் ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல் 2,000 வருஷமாக ஞாபகத்தில் இருந்து வந்தது. மனுவைப் படித்தவர்களுக்கு இது புதிதாய் இராது. சீனப் பண்டிதனும் நம் நாட்டு மனுவும் கூடிப்பேசி எழுதவில்லை. இருந்தும் இருவரும் எழுதினது ஒன்றுதான். ஆண்களுக்கு எது சௌகரியமோ அது எந்தப் பாஷையிலும் தர்மமாகிவிடும் என்பதற்கு இதைவிட வேறு ருஜு என்ன வேண்டும்?

விதவைகள் சங்கதி இன்னும் மோசம். 1368-ம் வருஷத்தில் மிங் வம்ச அரசாங்கம் ஒரு உத்தரவு போட்டது. 30 வயதுக்குள் புருஷனை இழந்து, 50 வயது வரையில் மறுமணம் செய்துகொள்ளாமல் இருந்த பெண்ணுக்கு அரசாங்க மரியாதை. அத்துடன் அவள் குடும்பத்திற்கு ஊழிய வேலையிலிருந்து விலக்கு. இதன் சூட்சுமத்தைக் கவனிக்க வேண்டும். பட்டினி கிடந்து வாடினது விதவை. இலாபம் அனுபவித்தது மாமனார் வீடு. இப்பேர்ப்பட்ட "கற்பு"க்காக ஊர் ஊராகக் கல் தோரண வாயில்கள் நின்றன. பெண்ணைக் கல்லாக்கிவிட்டு அந்தக் கல்லுக்கு மரியாதை செய்தார்கள். தாரமிழந்த புருஷன் மறுதாரம் கட்டாமல் இருந்ததற்காக இப்படி ஊர்தோறும் வாயில் கட்டினார்களா என்று யாரும் கேட்கவேண்டாம்.

நிற்க, இந்தக் கால்கட்டு எப்படி ஒழிந்தது என்பதுதான் முக்கியமான விஷயம். 1664-ல் காங்ஷி சக்கரவர்த்தி காலைக் கட்டக்கூடாது என்று தடை உத்தரவு போட்டார். 1668-ல் அதை வாபஸ் வாங்கிக்கொண்டார். சீனா முழுவதையும் வென்ற அரசாங்கத்தால் ஒரு சாண் துணியை வெல்ல முடியவில்லை. அதே சமயத்தில் ஹக்கா ஜாதிப் பெண்களும் மஞ்சு ஜாதிப் பெண்களும் காலைக் கட்டாமலேதான் இருந்தார்கள். அவர்களுக்குக் கல்யாணம் ஆயிற்று, பிள்ளை பிறந்தது, வானம் இடிந்து விழவில்லை. இதைப் பக்கத்திலேயே பார்த்துக்கொண்டிருந்தும் மற்றவர்கள் கட்டை அவிழ்க்கவில்லை. காரணம், தன் மகளை மட்டும் கட்டாமல் விட்டால் அவள் மட்டும் கல்யாணமில்லாமல் நிற்பாளே என்ற பயந்தான்.

இந்தப் பயத்தின் அடிவேரைக் கண்டுபிடித்தவர்கள் 19-ம் நூற்றாண்டின் கடைசியில் தோன்றிய சங்கத்தார்கள். பாதிரிமார்களும் ஐரோப்பியப் பெண்களும் சில சங்கங்கள் வைத்தார்கள். காங் யூவெய், லியாங் சிசாவ் போன்ற சீனச் சீர்திருத்தக்காரர்களும் வைத்தார்கள். 1897-ல் ஷாங்காயில் ஏற்பட்ட சங்கத்தில் சேருகின்றவர்கள் இரண்டு பிரதிக்ஞை செய்யவேண்டும். ஒன்று, என் மகளின் காலைக் கட்டமாட்டேன். மற்றொன்று, என் மகனுக்குக் கால் கட்டின பெண்ணை எடுக்கமாட்டேன். இந்த இரண்டாவது பிரதிக்ஞைதான் உயிர்நாடி. முதலாவதை மட்டும் செய்தால் அது பெண்ணைப் பெற்றவன் தலையில் மட்டும் பாரத்தை வைப்பதாகும். பிள்ளையைப் பெற்றவனும் கட்டுப்பட்டபோதுதான் கட்டாத காலுக்கும் மாப்பிள்ளை உண்டு என்ற தைரியம் தாய்க்கு வந்தது. 1902-ல் மஞ்சு அரசாங்கமும், 1912-ல் குடியரசும் உத்தரவு போட்டது உண்மைதான். ஆனால் 1664-ல் தோற்ற உத்தரவு இப்போது ஜெயித்ததற்குக் காரணம், இடையில் ஜனங்களுடைய மனம் மாறினதுதான்.

எவ்வளவு சீக்கிரத்தில் மாறிற்று என்பதற்குக் கணக்கு உண்டு. பீகிங்குக்குத் தெற்கே டிங்ஷியன் என்ற ஜில்லாவில் 515 குடும்பங்களில் எடுத்த கணக்கின்படி, 1890-க்கு முன் பிறந்த பெண்களில் 100-க்கு 99 பேர் கால் கட்டினவர்கள். 1919-க்குப் பிறகு பிறந்தவர்களில் ஒருத்திகூட இல்லை. ஆயிரம் வருஷ வழக்கம் முப்பதே வருஷத்தில், அதாவது பாட்டியின் காலத்துக்கும் பேத்தியின் காலத்துக்கும் இடையில், போன இடம் தெரியாமல் போய்விட்டது. இதைக் கேட்ட பிறகும் "அநாதி வழக்கம் போகாது" என்கின்றவர்கள், அது போகக்கூடாது என்று ஆசைப்படுகின்றவர்களே தவிர வேறல்ல.

இதில் இன்னொரு பாகமும் உண்டு. லாரல் பாஸன், ஹில் கேட்ஸ் என்ற இரண்டு ஆராய்ச்சிக்காரப் பெண்மணிகள் கிழவிகள் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களை நேரில் விசாரித்து 2017-ல் ஒரு புஸ்தகம் வெளியிட்டார்கள். கால் கட்டின பெண் சும்மா உட்கார்ந்திருந்த அழகுப்பொம்மை அல்ல. ஓடி விளையாடாமல் ஒரே இடத்தில் உட்கார்ந்து நூல் நூற்கவும் துணி நெய்யவும் அவளை அது கட்டிப்போட்டது. மில் துணி வந்து அந்தக் கைத்தொழில் அழிந்த இடங்களில் கால்கட்டும் அழிந்தது என்பது அவர்களுடைய முடிவு. அழகு, கற்பு, குலப்பெருமை என்று மேலே பூசியிருந்த பூச்சைச் சுரண்டினால் அடியில் இருந்தது ஒரு சிறுமியின் இலவச உழைப்புதான்.

கட்டை அவிழ்ப்பதிலும் ஆண்கள் தங்கள் அதிகார புத்தியை விடவில்லை. ஷான்ஸி மாகாணத்தில் 1917-க்குப் பிறகு யென் ஷிஷான் என்ற மாகாணத் தலைவர் பரிசோதகர்களை வீடு வீடாக அனுப்பிக் கட்டுத் துணியை அவிழ்க்கச் சொல்லி அபராதமும் போட்டார். கட்டச் சொன்னபோது அழுத அதே பெண், இப்போது ஒடிந்த பாதத்தோடு அந்நியன் முன்னிலையில் அவிழ்க்கச் சொல்லியும் அழ வேண்டியதாயிற்று. அன்று பாதம் பெரிதென்று பரிகசித்தவர்கள் இன்று பாதம் சிறிதென்று பரிகசித்தார்கள். பெண்ணைக் கேட்காமல் செய்யும் சீர்திருத்தத்திற்கும் பெண்ணைக் கேட்காமல் செய்யும் கொடுமைக்கும் வாசற்படி ஒன்றுதான்.

பெண்கள் தாங்களாகவே எழுந்தபோது நடந்ததென்ன? ச்யூ ஜின் என்ற பெண்மணி பெரியோர் பார்த்து வைத்த புருஷனை விட்டு, 1904-ல் ஜப்பானுக்குச் சென்று படித்து, தன் காலைத் தானே அவிழ்த்து, 1907-ல் ஷாங்காயில் பெண்களுக்கென்று ஒரு பத்திரிகை நடத்தினார். அதே வருஷம் ஜூலை 15-ந் தேதி, புரட்சிச் சதி செய்ததாக ஷாவ்ஷிங் ஊரில் அவர் தலை வெட்டப்பட்டது. அவர் போன்றவர்களின் இரத்தத்தால் குடியரசு பிறந்தது. பிறந்ததும் என்ன செய்தது? 1912-ல் நான்கிங்கில் எழுதின தற்காலிக அரசியல் சட்டத்தில் ஆண் பெண் சமத்துவத்தைச் சேர்க்க மறுத்தது. பெண்கள் சபைக்குள் புகுந்து ஜன்னல் கண்ணாடிகளை உடைத்தார்கள். அந்த வருஷமே பீகிங்கில் கோமிந்தாங் கட்சி ஏற்பட்டபோது வேலைத் திட்டத்திலிருந்து பெண் சமத்துவம் எடுக்கப்பட்டதைக் கண்டு, டாங் சுன்யிங் என்ற பெண்மணி மேடையேறித் தலைவர் சுங் ஜியாவ்ரென் கன்னத்தில் அறைந்தார். சண்டையில் தோளோடு தோள் நிற்கப் பெண் வேண்டும். ஓட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம் என்றால் வேறு என்ன கிடைக்கும்?

இந்தச் சமயத்தில் எழுத்தாளர் லூ சுன் செய்த காரியம் குறிப்பிடத் தக்கது. 1923-ல் பீகிங் பெண்கள் கலாசாலையில் அவர் பேசினார். இப்ஸன் எழுதின நாடகத்தில் நோரா என்ற பெண் புருஷன் வீட்டைவிட்டு வெளியேறுவதோடு கதை முடிகின்றது. அதைப் படித்துச் சீனாவில் வாலிபர்கள் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். லூ சுன் கேட்டது, வெளியே போன நோராவின் கையில் காசு இருந்ததா என்பதுதான். காசில்லாவிட்டால் அவள் கெட்டுப்போக வேண்டும், அல்லது வந்த வழியே திரும்ப வேண்டும் என்று அவர் எடுத்துச் சொன்னார். அடுத்த வருஷம் எழுதின ஒரு கதையில், மறுமணம் செய்விக்கப்பட்ட ஒரு ஏழை வேலைக்காரி வருகின்றாள். செத்த பிறகு இரண்டு புருஷரும் உன்னைப் பங்கு கேட்பார்கள், எமன் உன்னை இரண்டாக அறுப்பான் என்று அவளைப் பயமுறுத்துகின்றார்கள். பரிகாரமாகத் தன் சம்பளத்தையெல்லாம் கொடுத்துக் கோவிலுக்கு வாசற்படி செய்து வைக்கின்றாள். அப்படியும் எஜமானி வீட்டில் பூஜைப் பாத்திரத்தைத் தொடாதே என்றுதான் சொல்லுகின்றார்கள். காசு போயிற்று, தீட்டுப் போகவில்லை. மோட்ச நரகம் யாருக்குச் சம்பாத்தியம், யாருக்குச் செலவு என்பது இந்தக் கதையில் பச்சையாய்த் தெரிகின்றது.

கையில் காசிருந்த பெண்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதற்கும் சீனாவிலேயே உதாரணம் இருக்கின்றது. கான்டனுக்குத் தெற்கே ஷுன்டே ஜில்லாவில் பட்டு நூல் ஆலைகளில் வேலை செய்து கூலி வாங்கின பெண்கள், கல்யாணமான பெண்ணைப்போல் தங்கள் கூந்தலைத் தாங்களே முடிந்துகொண்டு, கல்யாணம் செய்துகொள்வதில்லை என்று கூட்டமாகப் பிரதிக்ஞை செய்தார்கள். அவர்களுக்குத் தனி வீடுகள் இருந்தன. முதுமையில் ஒருத்தியை மற்றொருத்தி காப்பாற்றினாள். 1930-ஐ ஒட்டிப் பட்டு வியாபாரம் படுத்துப்போகவே, அவர்களில் பலர் சிங்கப்பூருக்கும் மலேயாவுக்கும் வீட்டுவேலைக்குப் போனார்கள். வெள்ளைச் சட்டையும் கறுப்புக் காற்சட்டையுமாய் இருந்த அந்த "ஆமா"க்களை அங்கு பிழைக்கப்போன நம்மவர்களில் பலர் பார்த்திருப்பார்கள். படியாத பெண்கள்தான்; ஆனால் லூ சுன் பேசுவதற்கு முன்பே அவர் கேட்ட கேள்விக்குப் பதில் கண்டவர்கள்.

பிறகு சட்டங்கள் வந்தன. 1950 மே 1-ந் தேதி அமுலுக்கு வந்த விவாகச் சட்டம் கட்டாயக் கல்யாணம், வைப்பாட்டி முறை, குழந்தை நிச்சயம், விதவை மறுமணத்தைத் தடுத்தல் எல்லாவற்றையும் ஒழித்தது. பெண்ணுக்கு விவாகரத்து உரிமையும், அதே வருஷத்து நிலச் சட்டத்தில் நிலப் பங்கும் கிடைத்தன. இவற்றை அற்பமென்று சொல்லுகின்றவன் நன்றிகெட்டவனாவான். 1949-ல் பெண்களில் 10-க்கு 9 பேர் எழுத்தறியாதவர்கள். இன்று கலாசாலை மாணவர்களில் சுமார் சரிபாதி பெண்கள். ஆனால் கிராமத்து ஜனங்கள் அந்தச் சட்டத்துக்கு "விவாகரத்துச் சட்டம்" என்று பெயர் வைத்தார்கள். விடுதலை கேட்டதற்காக அடிபட்டுச் செத்தவர்களும் தற்கொலை செய்துகொண்டவர்களும் ஆயிரக்கணக்கானவர்கள். கூட்டுப் பண்ணையில் ஆணுக்கு 10 புள்ளி, பெண்ணுக்கு 5 முதல் 8 வரையில்தான் என்று கூலி போட்டார்கள். ஷான்ஸியில் ஷிகோ கிராமத்துப் பெண்கள், ஷென் ஜிலான் தலைமையில், ஆண்களோடு போட்டியிட்டு வேலை செய்து காட்டித்தான் சமகூலி வாங்கினார்கள். தன் வேலைக்குச் சமகூலி வேண்டும் என்று எந்த ஆணாவது இப்படிப் பரீட்சை கொடுத்ததுண்டா?

கொடுத்த கையே எடுக்கவும் செய்யும் என்பதைப் பிற்காலம் காட்டிற்று. 1980-ல் ஒரு குழந்தைக்குமேல் கூடாது என்று சர்க்கார் கட்டளையிட்டது. கிராமங்களில் முதற் குழந்தை பெண்ணானால் இன்னொன்று பெறலாம் என்று பிறகு விலக்குக் கொடுத்தது. இதன் அர்த்தமென்ன? பெண் அரைக் குழந்தை என்று சர்க்காரே ஒப்புக்கொண்டதல்லவா! வயிற்றிலேயே பெண்ணைக் கண்டுபிடித்து அழித்தார்கள். 2020-ம் வருஷக் கணக்கில் பெண்களைவிட ஆண்கள் சுமார் 3 கோடியே 49 லட்சம் பேர் அதிகம். பெண் குறைந்தால் பெண்ணுக்கு மதிப்பு ஏறும் என்று சிலர் சொன்னார்கள். மதிப்பு ஏறவில்லை, விலை ஏறிற்று. 2022-ல் ஜியாங்ஸு மாகாணத்து ஒரு கிராமத்தில், விற்கப்பட்டு வந்து எட்டுப் பிள்ளை பெற்ற ஒரு பெண் கழுத்தில் சங்கிலியோடு கட்டிப்போடப்பட்டிருந்ததை உலகமே பார்த்தது. அவளைக் கட்டிவைத்தவனுக்குக் கிடைத்த தண்டனை 9 வருஷம். 2016-ல் இரண்டு குழந்தை பெறலாம், 2021-ல் மூன்று பெறலாம் என்று சர்க்கார் பேச்சை மாற்றிக்கொண்டது. பெண்ணின் கருப்பை என்ன, மேலே திருகினால் நிற்கவும் கீழே திருகினால் ஒழுகவும் கூடிய தண்ணீர்க் குழாயா?

சொத்து விஷயமும் அப்படியே. வேற்றூருக்குக் கல்யாணமாகிப் போகும் பெண், பிறந்த ஊர் நிலத்தை இழந்து, புகுந்த ஊரிலும் பங்கு கிடைக்காமல் நிற்பது இன்றும் வழக்கிலிருக்கும் சங்கடம். கல்யாணத்துக்கு முன் வாங்கின வீடு யார் பேரில் பதிவோ அவருக்கே சொந்தம் என்று 2011-ல் பெரிய கோர்ட்டு விளக்கம் சொல்லிற்று. வீடு வாங்குவது மாப்பிள்ளை வீட்டார் வழக்கமாகையால், சட்டத்தின் வார்த்தை இருவருக்கும் சமம். சாவி மட்டும் ஒருவர் கையில். 2015-ல் பஸ்ஸிலும் ரயிலிலும் பெண்களைத் தொந்தரவு செய்வதற்கு விரோதமாகத் துண்டுச்சீட்டு ஒட்டத் திட்டமிட்ட ஐந்து பெண்களை, மார்ச் 8-ந் தேதிப் பெண்கள் தினத்துக்கு முந்தியே பிடித்து 37 நாள் அடைத்து வைத்தார்கள். வீட்டுக்குள் அடிப்பதைத் தடுக்கும் சட்டம் 2016-ல் அமுலுக்கு வந்தது. 2022-ல் அமைந்த கட்சியின் 24 பேர் கொண்ட அரசியல் குழுவில் ஒரு பெண்கூட இல்லை. வானத்தில் பாதியைப் பெண்கள் தாங்குகின்றார்கள் என்று புகழ்ந்தவர்கள், மேடையில் ஒரு நாற்காலிக்கு இடமில்லை என்றார்கள்.

இப்போது அந்நாட்டுப் பெண்கள் சத்தம் போடாமல் ஒரு பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 2013-ல் பதிவான கல்யாணங்கள் 1 கோடியே 34 லட்சத்துக்கு மேல்; 2024-ல் 61 லட்சம். வாலிப வயதினர் தொகை குறைந்ததும், வீட்டு விலை, வேலைக் கஷ்டம் முதலியனவும் இதற்குக் காரணந்தான். ஆயினும் படித்து, சம்பாதித்து, மாமியார் வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்த்து, வேண்டாம் என்று சொல்லுகின்ற பெண்கள் பலர் இருப்பதும் நிஜம். அவர்களை "மிஞ்சிப்போன பெண்கள்" என்று பத்திரிகைகள் பரிகசித்தன. ஷுன்டே பட்டாலைப் பெண்களின் பேத்திகளுக்கு இந்தப் பரிகாசம் ஒரு பொருட்டாகுமா?

ஆகவே வாசகர்களே! ஐயோ பாவம், சீனப் பெண்கள் என்று பெருமூச்சு விட்டுவிட்டுப் பத்திரிகையை மடித்து வைப்பதில் யாதொரு பிரயோஜனமுமில்லை. அங்கு கட்டு அவிழ்ந்தது, பிள்ளையைப் பெற்றவன் நான் இப்படிப்பட்ட பெண்ணைத்தான் எடுப்பேன் என்ற பிடிவாதத்தை விட்ட அன்றைக்குத்தான். அவிழ்ந்த இடத்தில் மறுகட்டு விழுந்ததும், சொத்தும் சங்கமும் பெண் கையில் இல்லாத காரணத்தால்தான். பெண்ணைப் பெற்றவன் சீர்திருத்தம் பேசுவது எளிது. அவனுக்கு அது இலாபம். பிள்ளையைப் பெற்றவன் வாயிலிருந்து அந்த இரண்டாவது பிரதிக்ஞை வரவேண்டும். வீட்டில் கல்யாண வயதில் மகனை வைத்திருக்கின்றவர்கள், பெண் பார்க்கப் புறப்படுமுன், எதை அளந்து பார்க்கப் போகின்றோம் என்று தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்வார்களாக.